விலை கேளாத தொண்டு

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் சிறிது தூரம் போனால் பாரோய் வரும். அதற்கப்பால் சாலை புக்கிட் பூத்துஸ் மலையேறிப் போகும். இன்று பாரோய் என்றதும் பலர் நினைவுக்கு வருவன துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கமும், அதன் சுற்றுப்புறத்து வீடமைப்புப் பகுதிகளுமே. ஆயின் இப்பகுதியின் முதியோரைக் கேட்டால் வேறோர் ஊரைச் சொல்வர். பால்மரமும், பிரட்டுக் களமும், லயத்து வரிசையும், ஆயாக் கொட்டகையும், விடியுமுன் எழுப்பிய மணியோசையுமே அவர்தம் ஊர். மரங்கள் போயின, லயங்கள் போயின, மனிதர் போகவில்லை. அவர்தம் மக்களும் பேரர்களும் அடுக்குமாடியிலும் வரிசை வீடுகளிலும் வாழ்கின்றனர். தோட்டத்தில் விளைந்த குறைகள் சிலவும் அவர்களோடு மூட்டை கட்டிக்கொண்டு பட்டணம் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே யாம் ஈண்டு எழுதத் துணிந்தோம். அது ஒரு காகிதத்தைப் பற்றியது. அக்காகிதத்தின் வழியே எம் சமயத்தைப் பற்றியதும் ஆயிற்று.

யாம் கிறிஸ்தவ நெறியில் பிறந்து, அந்நெறியிலேயே நிற்போர். இவ்விதழின் வாசகருள் பலர் சமயம் எதனையும் ஐயக்கண் கொண்டு நோக்குவோர் என்பதை அறிவோம். அவர்களிடம் யாம் மறைக்க வேண்டுவது ஒன்றுமில்லை. எம் பிழையை முதற்கண் சொல்லி, எம் கருத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அண்டை வீட்டார் ஒருவர் ஒரு மூதாட்டியாரை எம்மிடம் அழைத்து வந்தார். வயது எழுபதைக் கடந்தவர். நாற்பது ஆண்டு பால் வெட்டியவர். கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் சிவப்பு அடையாள அட்டை. அதனுடன் எவரோ எழுதி அவருக்குப் படிக்கத் தெரியாத கடிதம் ஒன்று. அவர் இம்மண்ணில் பிறந்தவர். இம்மண்ணை விட்டு ஒருநாளும் வெளியே போகாதவர். எனினும் இந்நாட்டின் குடிமகள் அல்லர்!

இஃது எவ்வாறு நேர்ந்தது? வாசகருள் இளைஞர் பலர்க்கு இது விளங்காது. ஆதலின் சிறிது விரித்துரைக்கின்றோம். 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் நாடு விடுதலை பெற்றது. அந்நாள் முதல் சில ஆண்டுகள் இங்கே பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை தானே வந்தது. அதற்கு முன் பிறந்தோர் பலர் விண்ணப்பம் செய்தே பெற வேண்டியிருந்தது. விண்ணப்பத்தாள் பட்டணத்தில் இருந்தது. பெற்றோர் மரத்தடியில் இருந்தனர். தோட்டத்துக் கிராணியார் சொன்னால் உண்டு, சொல்லாவிடில் இல்லை. லயத்திலே மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிய வேண்டும் என்று நினைத்தவரும் சிலரே. பின்னர் 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய உரிமச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. பல்லாயிரவர் மூட்டை கட்டினர். ரஜூலா கப்பல் அவர்களைச் சென்னைக்குச் சுமந்தது. இம்மூதாட்டியாரின் தந்தையாரும் அக்கப்பலில் ஏறியவர்களுள் ஒருவர். மகளுக்கு அதற்குள் இங்கே மணமாகிவிட்டது, அவர் தங்கிவிட்டார். தந்தை போனார், தந்தையோடு, இவர் பிறந்ததற்குச் சாட்சியும் போயிற்று.

காகிதம் ஒன்றில்லாவிடில் என்ன என்று கேட்போர், அது இல்லாதார் வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்க்கவேண்டும். வாக்கில்லை. குடிமக்களுக்கென அரசு அளிக்கும் உதவிகள் பல கிட்டுவதில்லை. மருத்துவமனையில் கட்டணம் வேறு. எல்லாவற்றினும் கொடியது, எழுபது வயதில், பிறந்த ஊரிலே, “நீ எந்த ஊர்?” என்ற வினாவுக்கு விடை சொல்லி நிற்பது.

யாம் அவருடன் அலுவலகங்களுக்கு நடந்தோம். ஒரு முறை அன்று, பல முறை. பழைய தோட்டத்தின் பேரேட்டைத் தேடினோம். தோட்டம் விற்கப்பட்டுக் கைமாறி, அலுவலகம் இருந்த இடத்தில் கடைவீடுகள் நின்றன. அவர் சில மாதங்களே படித்த தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவைத் தேடினோம். அவர் பிறந்ததை அறிந்த கிழவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, உறுதிமொழி வாங்கினோம். விடியற்காலை சென்று, எண் சீட்டு வாங்கி, நண்பகல் வரை நாற்காலியில் அமர்ந்து, “இது போதாது, வேறொன்று கொண்டு வருக” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பினோம். இத்தொண்டில் வீரமும் இல்லை; புகழும் இல்லை; காத்திருத்தலே உண்டு.

காத்திருந்தபோது எம் உள்ளம் என்ன செய்துகொண்டிருந்தது? அதனைச் சொல்ல நாணுகின்றோம், சொல்லியே ஆகவேண்டும். எம் உள்ளம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. இன்று இத்தனை மணி நேரம். இன்று இவ்வளவு பேருந்துக் கட்டணம். அன்று விடுப்பு எடுத்தோம். மூன்றாம் முறை திரும்பி வருகையில், பேருந்தில் அருகே அமர்ந்து, மிக இனிமையாகச் சொன்னோம்: “பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஆராதனை உண்டு. நீங்களும் ஒருநாள் வரலாமே.”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தார். சற்று நேரம் பேசவில்லை. பின்னர் எம்மை நோக்கி, கோபமின்றிக் கேட்டார்:

“தம்பி, இந்த வேலைக்கு அதுதான் கூலியா?”

யாம் வாயடைத்தோம். அவர் மேலும் சொன்னார்: “இல்ல தம்பி, அதுதான்னா சொல்லிடுங்க. வந்துடறேன். நான் யாருக்கும் கடன் வச்சவ இல்ல.”

ஏளனமாகச் சொல்லவில்லை. நாற்பதாண்டு உழைத்துக் கூலி பெற்றவர், கூலி கேட்பவனைக் கண்டு, கொடுத்துவிடுகிறேன் என்றார். அவ்வளவே. யாம் ஏதோ முணுமுணுத்தோம். வீடு வந்து சேர்ந்தோம். அன்றிரவு எமக்கு உறக்கமில்லை.

நிற்க. யாம் செய்தது அத்துணைப் பெரிய குற்றமா என்று எம் சபையின் அன்பர் ஒருவர் கேட்டார். “நமக்கு நல்லது என்று தோன்றியதைப் பிறர்க்குச் சொல்லுதல் பிழையோ? அழைத்தாய், வற்புறுத்தவில்லையே” என்றார். இவ்வினாவை எளிதில் தள்ளுவதற்கில்லை. கருத்துடையோன் தன் கருத்தை உரைத்தல் அவன் உரிமை. சீர்திருத்தம் பேசும் நாமும் மேடையேறி உரைக்கின்றோம் அன்றோ?

ஆயின் மேடையில் பேசுகிறவன் எதிரே இருப்போன் எழுந்து போகலாம். அம்மூதாட்டியார் எழுந்து போகமுடியுமோ? அவருடைய விண்ணப்பத்தாள் எம் பையில் இருந்தது. அவர் பெயரை எழுதத் தெரிந்த கை எம் கை. “வரமாட்டேன்” என்று சொன்னால் அடுத்த முறை இவன் வருவானோ என்னும் அச்சம் அவர்க்கு எழாதோ? இல்லை என்று சொல்ல இயலாதவரிடம் செய்யும் அழைப்பு அழைப்பன்று, கட்டளை. அதன் குரல் எத்துணை இனிதாயினும் கட்டளையே.

இதனை நம் மக்கள் முன்னரே அறிவர். கங்காணி முறை என்பது யாது? ஊரில் வந்து முன்பணம் கொடுத்தான்; கடனை அடைத்தான்; கப்பலேற்றினான். உதவி என்றுதான் அதற்குப் பெயர். அவ்வுதவியின் நுனியில் ஒரு கயிறு இருந்தது. அக்கயிறு மனிதனைத் தோட்டத்தில் கட்டியது. 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புதலைத் தடுத்தபோது அம்முறை ஓய்ந்தது. முறை ஓய்ந்தாலும் அக்கயிறு முற்றும் அறுந்துவிடவில்லை. தேர்தல் நாளில் அரிசி மூட்டையோடு அது வரும். திருநாளில் படமெடுப்பானோடு வரும். எம் போன்றோர் கையில், வேதப்புத்தகத்துக்குள் மறைந்து வரும்.

கிறிஸ்தவரின் பள்ளியும் மருத்துவமனையும் மீன் பிடிக்கும் வலை என்று நம் சீர்திருத்தக்காரர் சிலர் நெடுநாளாகக் குற்றஞ் சாட்டி வந்தனர். அக்குற்றச்சாட்டில் உண்மை சிறிதும் இல்லை என்று யாம் வாதிடப் போவதில்லை. பேருந்தில் அன்று யாமே வலை வீசினோமே! சாதியை ஒழிக்க வந்த நெறி என்று பேசியவர் கோயிலுக்குள்ளேயே சாதி இருந்ததையும் மறைப்பதற்கில்லை. திருநெல்வேலிச் சீமையிலே வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிக்கொரு பக்கம் வகுத்து இடையே சுவர் வைத்திருந்தனர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. உயர்ந்தோர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டோர் சுவர் வேண்டும் என்று நீதிமன்றம் ஏறினர்! நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மனிதரைச் சேர்க்க வந்த இடத்தில் சுவர் எழுப்பியதும் கிறிஸ்தவரே. அதனை இடித்ததும் கிறிஸ்தவரே. இரண்டனையும் ஒப்புக்கொள்வதே நேர்மை.

எனினும் வலை வீசாத கைகளும் இருந்தன. அவற்றையும் சொல்லாவிடில் அதுவும் நேர்மையாகாது.

ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்க அம்மையார் இளம்பருவத்தில் திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்தார். ஓரிரவில் மூவர் அடுத்தடுத்துக் கதவைத் தட்டினர். மூவர் வீட்டிலும் மனைவியர் பேறுகால வேதனையில் கிடந்தனர். அம்மையாரின் தந்தை மருத்துவர். அவர் வருகிறேன் என்றார். பிற ஆடவன் தம் பெண்டிரைத் தொடலாகாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபட்டனர். அவ்வம்மையார் கடல் கடந்து மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூருக்கு வந்தார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அவர் மறைபரப்புங் குடும்பத்தில் தோன்றியவரே; அதனை மறுக்கவில்லை. ஆயினும் ஒன்றை நோக்குக. அன்றிரவு கதவைத் தட்டியோர் கேட்டது ஒரு பெண் மருத்துவரை. அவர் கொடுத்ததும் அதுவே. தாம் கொடுக்க விரும்பியதை அன்று, அவர்கள் கேட்டதை.

சார்லஸ் பிரீயர் ஆண்ட்ரூஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியாரை நம் முன்னோர் தீனபந்து என்று போற்றினர். அவர் 1915-இல் பியர்சன் என்பாரோடு பீஜித் தீவுக்குச் சென்றார். அங்கே ஒப்பந்தக் கூலிகளாய்க் கரும்புத் தோட்டங்களில் துன்புற்ற இந்தியரின் நிலையைக் கண்டார். அவர் செய்த தொண்டு யாது? கேட்டார், பார்த்தார், எழுதினார். அவ்வறிக்கை ஆள்வோர் மேசைமேல் சென்று அமர்ந்தது. 1920-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பீஜியின் ஒப்பந்தங்கள் யாவும் நீங்கின. உண்மையைத் தேடி ஒழுங்காக எழுதுதலும் ஊழியமே என்பதை எமக்குக் கற்பித்தவர் அவர். விண்ணப்பத்தாள் நிரப்புவோர் தம் வேலையை இழிவாக எண்ண வேண்டுவதில்லை.

இனி நம் நாட்டுக்கே வருவோம். பேராக்கில் பாப்பான் என்னும் சிற்றூரின் பெருந்தெருவில் 74-ஆம் எண் வீடு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சிபில் கார்த்திகேசு அம்மையார் அங்கே மருந்தகம் நடத்தினார். கத்தோலிக்கர், செவிலியர், யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான மருத்துவர் கார்த்திகேசுவின் மனைவியார். பகலில் ஊரார்க்கு மருந்திட்டார். இரவில் காட்டிலிருந்து இறங்கி வந்த எதிர்ப்புப் படையினரின் காயங்களுக்குக் கட்டுப் போட்டார். அப்படையினர் பொதுவுடைமைக் கொள்கையர். அம்மையார் தொழுத கடவுளை அவர்கள் தொழுதிலர். அதனால் என்ன? குண்டுபட்ட காயத்துக்குக் கொள்கை ஏது?

1943-இல் அம்மையார் சிறைப்பட்டார். பெயர்களைச் சொல் என்றனர், சொல்லவில்லை. அவர் பட்ட வதைகளை விரித்துரைக்க எம் கை கூசுகின்றது. சிறுமியான மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினர், அப்போதும் சொல்லவில்லை. போர் முடிந்தபின் விடுதலையாகி, பிரிட்டனுக்குச் சிகிச்சைக்குக் கொண்டுபோகப்பட்டார். ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், சித்திரவதையில் பெற்ற காயத்தின் விளைவாய் அங்கேயே உயிர் நீத்தார். மறு ஆண்டு அவர் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவர் உயிர் கொடுத்துக் காத்தவருள் எத்தனை பேர் அவர்தம் கோயிலுக்குள் கால் வைத்திருப்பர்? அக்கணக்கு எவரும் எழுதியதில்லை. அவரும் எழுதவில்லை.

இப்பெரியோரை எண்ணியபின் எம் வேதத்தைப் புதிய கண்கொண்டு படித்தோம். குற்றுயிராய் வழியில் கிடந்தவனை எடுத்த சமாரியனின் கதையை யாம் சிறுவயது முதல் கேட்டவரே. அவன் காயத்தைக் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணமும் கொடுத்தான், போய்விட்டான். காயம்பட்டவன் பிழைத்தபின் சமாரியனின் மலைக்கு வந்து தொழுதானா என்பது கதையில் இல்லை. குட்டநோயர் பதின்மர் குணமடைந்தனர். ஒருவனே திரும்பி வந்து நன்றி சொன்னான். ஏனை ஒன்பதின்மர் எங்கே என்று இயேசு கேட்டார். ஆயின் அவ்வொன்பதின்மருக்கு நோய் திரும்பியதாக எங்கும் எழுதப்படவில்லை! கொடுத்தது கொடுத்ததே. காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலையும் சேர்த்தே அவர் கழுவினார். இவ்வளவும் படித்திருந்தும், பேருந்தில் ஒரு கிழவியாரிடம் யாம் கூலி கேட்டோம்.

அடுத்த முறை அலுவலகம் செல்லும் நாள் வந்தது. வழியில் யாமே பேச்செடுத்தோம். “பெரியம்மா, அன்று யான் சொன்னது தவறு. இதற்குக் கூலி இல்லை. நீங்கள் எங்கும் வரவேண்டாம்” என்றோம்.

அவர் சிரித்தார். பின்னர், எம்மிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் சிறு பெண்ணாயிருந்தபோது தாயார் இறந்தாராம். காய்ச்சல் தொற்றும் என்று லயத்தார் அஞ்சி ஒதுங்கி நின்றனராம். தோட்டத்து டிரெசரின் மனைவியார் தாமே வந்து, உடலைக் குளிப்பாட்டி, தம் சேலை ஒன்றை உடுத்தி, பொட்டும் வைத்து, அழுதுகொண்டிருந்த பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று கஞ்சி வார்த்தாராம்.

“அவங்க உங்க கோயில்தான் தம்பி. பெறகுதான் தெரிஞ்சுது. அவங்க சாமி எதுன்னு அப்ப எனக்குத் தெரியாது. அவங்களைத் தெரியும்.”

பொட்டும் வைத்தாராம்! பிற சமயத்தவளின் உடலுக்கு, அவள் சமயத்து வழக்கப்படி, தம் கையால். அவ்வம்மையாரின் பெயர் எந்தச் சபைப் பதிவேட்டிலும் ஊழியர் என்று இடம் பெற்றிருக்குமோ என்னவோ! அறுபது ஆண்டு கழித்தும் ஒரு நெஞ்சில் இருக்கின்றது. பாரோய்ப் பக்கத்திலே எம் நெறியை உண்மையாகப் பிரசங்கித்தவர் எவர் என்று கேட்டால், யாம் அவ்வம்மையாரையே காட்டுவோம்.

எம் சபையாருக்கும், இவ்விதழ் படிக்கும் சீர்திருத்த அன்பர்க்கும் ஒன்று விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். அரிசி கொடுத்தல் நன்று. ஆயின் அரிசி ஒரு வாரத்தில் தீரும். பிறந்த பிள்ளையின் பெயரைக் காலக்கெடுவுக்குள் பதியச் செய்தல், கோயிலில் நடந்த திருமணத்தை அரசாங்கப் பதிவிலும் ஏற்றுவித்தல், கடிதம் படிக்கத் தெரியாதார்க்குப் படித்துக் காட்டுதல், தனியே அலுவலகம் செல்ல அஞ்சுவோருடன் துணை செல்லுதல் ஆகிய இவை தலைமுறைக்கும் தீராதவை. இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை; ஒரு பேனாவும் ஒரு காலைப்பொழுதும் போதும். கடவுளுண்டு என்போரும் இல்லை என்போரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து செய்யலாம். செய்து முடித்தபின் கூலி கேளாதிருக்க மட்டும் இரு திறத்தாரும் கற்றுக்கொள்ள வேண்டும். சமயத்துக்கு ஆள் சேர்ப்பது ஒரு கூலியாயின், கட்சிக்கு ஆள் சேர்ப்பதும் கூலியே.

மூதாட்டியாரின் விண்ணப்பத்துக்கு ஒருமுறை மறுப்பு வந்தது. மீண்டும் எழுதினோம். விடை இன்னும் வரவில்லை. வரும் திங்களன்று மறுபடியும் செல்லவேண்டும். விடியற்காலைப் பேருந்துக்கு நிற்பதாகச் சொல்லியிருக்கின்றார். ஞாயிறன்று யாம் வழக்கம்போல் ஆராதனைக்குச் செல்வோம். அங்கே எம் அருகில் ஓரிடம் ஒழிந்தே இருக்கும். அதனைப் பார்த்துக் கணக்கெழுதும் பழக்கத்தை எம் உள்ளத்திலிருந்து நீக்க வேண்டும் என்பதே இப்போது எம் மன்றாட்டு.